சிறு கட்சியாரும் சுயேச்சை அபேட்சகரும்

குடியாட்சி நிலவும் நாடுகளில் தேர்தற் காலம் என்பது ஆள்வோரும் ஆளப்படுவோரும் இடமாறி நிற்கும் காலமாம். ஐந்தாண்டுகள் ஆணையிட்டோர் அக்காலத்துக் கைகூப்பி நிற்பர். ஐந்தாண்டுகள் கைகூப்பி நின்றோர் அக்காலத்து நீதிபதிகளாய் வீற்றிருப்பர். அந்நாட்களில் பெருங்கட்சியாரைப் பற்றிப் பேசாத வாயில்லை. ஆனால் அவர்தம் பெயர்களுக்குக் கீழே வாக்கு யந்திரத்தின் கடைப்பகுதியில் வரிசையாய் நிற்கும் சிறு கட்சியாரையும் சுயேச்சை அபேட்சகரையும் பற்றிச் சிந்திப்போர் மிகச் சிலரே. சிந்திப்போரும் நகைத்தற்பொருட்டே சிந்திக்கின்றனர். 'இவருக்கு டிபாசிட்டும் தேறாது' என்னும் ஒரு சொல்லோடு அவர் வழக்கு முடிந்துவிடுகின்றது. அச்சொல் நீதியானதுதானா என்று ஆராய்தலே இவ்வியாசத்தின் நோக்கம். யாம் எக்கட்சிக்கும் பரிந்து எழுதவில்லை. எக்கட்சியையும் பழித்தற்கும் கருதவில்லை. நம் கல்லூரி மாணவருள் பலர் முதன்முறையாக வாக்களிக்கும் வயதினர். ஆதலின் இவ்வாராய்ச்சி அவர்க்குப் பயன்படுமென நம்பியே எழுதத் துணிந்தோம்.

பொதுவாகப் பேசுவதினும் ஓரிடத்தை முன்னிட்டுப் பேசுவது தெளிவு தரும். ஆதலின் கள்ளக்குறிச்சி மக்களவைத் தொகுதியை எடுத்துக்கொள்வோம். 2008ஆம் ஆண்டின் தொகுதி வரையறைக்குப் பின், 2009ஆம் ஆண்டு முதல், இத்தொகுதி இப்போதுள்ள எல்லைகளோடு தேர்தலைக் கண்டு வருகின்றது. ரிஷிவந்தியம், சங்கராபுரம், கள்ளக்குறிச்சி என்னும் மூன்று சட்டசபைத் தொகுதிகள் கள்ளக்குறிச்சி ஜில்லாவிலும், கெங்கவல்லி, ஆத்தூர், ஏற்காடு என்னும் மூன்று சேலம் ஜில்லாவிலும் உள்ளன. இவ்வாறும் கூடியதே இத்தொகுதி. கரும்பும் நெல்லும் விளையும் சமவெளியும், கல்வராயன் மலையும், சேர்வராயன் மலையும் இதனுள் அடங்கும். 2009இல் ஆதி சங்கரும், 2014இல் காமராஜும், 2019இல் கௌதம சிகாமணியும், 2024இல் மலையரசனும் இங்கிருந்து பார்லிமெண்டிற்குச் சென்றனர். இந்நால்வரும் தி.மு.க., அ.தி.மு.க. என்னும் இரு பெருங்கட்சிகளைச் சார்ந்தோரே. வேறெவரும் இதுகாறும் வென்றிலர். இங்ஙனமாயின், ஏனையோர் போட்டியிடுவதன் பயன் யாது என்று வினவுதல் இயல்பே.

அவ்வினாவுக்கு விடை கூறுமுன், ஏனையோர் எந்நிலையில் களம் புகுகின்றனர் என்பதை அறிதல் வேண்டும். தேர்தற் சட்டம் அபேட்சகரை மூவகையாகப் பிரித்துள்ளது. அங்கீகாரம் பெற்ற கட்சியினர் ஒரு வகை. பதிவு மட்டும் பெற்று அங்கீகாரம் பெறாத கட்சியினர் மற்றொரு வகை. கட்சி யாதுமில்லாச் சுயேச்சையர் மூன்றாம் வகை. வாக்கு யந்திரத்தில் பெயர்கள் அமைவதும் இவ்வரிசையிலேயே. அங்கீகாரம் பெற்ற கட்சியின் அபேட்சகரை ஒரே ஒரு வாக்காளர் முன்மொழிந்தாற் போதும். ஏனையோரைப் பதின்மர் முன்மொழிதல் வேண்டும். முன்னவர்க்கு வாக்காளர் பட்டியல் இலவசமாகக் கிடைக்கும். அவர் கட்சிக்கு வானொலியிலும் தூரதரிசனத்திலும் இலவச நேரம் உண்டு. பின்னவர்க்கு இவை இல்லை. இவை யாவற்றினும் பெரிய வேறுபாடு சின்னத்தைப் பற்றியது. பெருங்கட்சியின் சின்னம் குழந்தைகளும் அறிந்தது. சுயேச்சையின் சின்னமோ, மனுக்களை மீட்டுக்கொள்ளும் கடைசி நாளுக்குப் பின்னரே கிடைப்பது. 2024ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் அந்நாள் மார்ச் 30. வாக்குப் பதிவு ஏப்ரல் 19. பிரசாரம் ஓய்ந்தது ஏப்ரல் 17. எனவே, பதினெட்டே நாட்களில் ஆறு சட்டசபைத் தொகுதிகளிலும் தன் சின்னத்தை அறிவிக்க வேண்டியவனானான் ஒவ்வொரு சுயேச்சையும். கருமந்துறைக்கும் வெள்ளிமலைக்கும் ஏறி இறங்குவதற்கே அவனுக்கு எத்தனை நாள் வேண்டுமென்பதை மலைப்பாதை அறிந்தோர் அறிவர்.

இனி டிபாசிட்டைக் கருதுவோம். 1951ஆம் ஆண்டுச் சட்டம் மக்களவை அபேட்சகர்க்கு 500 ரூபாய் விதித்தது. 1996இல் அது 10,000 ஆயிற்று. 2009ஆம் ஆண்டுத் திருத்தத்தால் 25,000 ஆயிற்று. தாழ்த்தப்பட்டோரும் பழங்குடியினரும் இதிற் பாதி கட்டினாற் போதும். செல்லத்தக்க வாக்குகளில் ஆறில் ஒரு பங்கினும் மிகுதியாகப் பெறாதார் அத்தொகையை இழப்பர். கள்ளக்குறிச்சியில் 2024இல் முதலிருவர் ஒழிந்த யாவரும் இழந்தனர். மூன்றாமிடம் பெற்ற நாம் தமிழர் கட்சியின் அபேட்சகர்க்கு 73,652 பேர் வாக்களித்திருந்தனர். எழுபத்து மூவாயிரம் பேர் ஒரு பெரு நகரத்தை நிரப்புவர். அத்துணைப் பேருடைய நம்பிக்கையைப் பெற்றவனைச் சட்டம் 'பொருட்படுத்தத் தகாதவன்' என்னும் வரிசையில் வைக்கின்றது. இங்கிலாந்தில் 1985ஆம் ஆண்டு முதல் டிபாசிட்டைத் திரும்பப் பெற நூற்றுக்கு 5 வாக்குகள் போதும். ஆஸ்திரேலியாவில் நூற்றுக்கு 4 போதும். நம் நாட்டிலோ ஏறத்தாழ 17 வேண்டும். ஏழை நாட்டில் எல்லை உயர்ந்தும், செல்வ நாட்டில் எல்லை தாழ்ந்தும் இருத்தல் சிந்திக்கற்பாலது.

நிற்க. சிறு கட்சியார்க்கு எதிராகக் கூறப்படும் குற்றங்கள் மூன்று. வெல்லாதார்க்கு இடும் வாக்கு வீணாகும் என்பது ஒன்று. அவர் வாக்கைப் பிரித்து ஆகாதவனை வெல்விப்பர் என்பது இரண்டு. போலிகளும் விளம்பரப் பிரியரும் கூடித் தேர்தலை விளையாட்டாக்குகின்றனர் என்பது மூன்று. இவற்றை ஒவ்வொன்றாக ஆராய்வோம்.

வாக்கு வீணாகும் என்போர் வரலாற்றை மறந்தோராவர். கள்ளக்குறிச்சி அந்நாளில் அடங்கியிருந்த தென்னார்க்காடு ஜில்லாவையே பாருங்கள். 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் ராமசாமிப் படையாட்சியார் தலைமையிலிருந்த தமிழ்நாடு உழைப்பாளர் கட்சி சென்னைச் சட்டசபையில் 19 இடங்களைப் பெற்றது. மாணிக்கவேல் நாயக்கர் தலைமையிலிருந்த காமன்வீல் கட்சி 6 இடங்களைப் பெற்றது. இரண்டும் தென்னார்க்காடு, வடார்க்காடு ஜில்லாக்களில் தோன்றிய சிறு கட்சிகளே. காங்கிரஸ் மகாசபைக்கு அன்று 375 இடங்களுள் 152தான் கிடைத்தன. அந்நிலையில் ராஜாஜியின் மந்திரிசபையில் மாணிக்கவேல் நாயக்கரும், 1954இல் அமைந்த காமராஜரின் மந்திரிசபையில் ராமசாமிப் படையாட்சியாரும் இடம்பெற்றனர். உழவுத் தொழிலே கதியாயிருந்த மக்கள், தம்முள் ஒருவர் மந்திரியாய் அமரக் கண்டது அச்சிறு கட்சிகளாலேயாம். அப்பால் 1957இல், தேர்தற் கமிஷனின் அங்கீகாரம் பெறாதிருந்த திராவிட முன்னேற்றக் கழகத்தார் சட்டத்தின் பார்வையில் சுயேச்சையராகவே போட்டியிட்டனர். அண்ணாதுரையும் அவருள் ஒருவர். பத்தே ஆண்டுகளில், 1967இல், அக்கட்சி ஆட்சி பெற்றது. இன்று சுயேச்சையரை எள்ளி நகையாடும் பெருங்கட்சித் தொண்டர், தம் முன்னோரும் ஒருகால் அவ்வரிசையிலேயே நின்றனர் என்பதை நினைத்தல் நன்று.

இத்தொகுதியிலேயே பிறிதோர் எடுத்துக்காட்டும் உண்டு. 2009இல் தே.மு.தி.க. கூட்டணி யாதுமின்றித் தனியே போட்டியிட்டு இங்கு மூன்றாமிடம் பெற்றது. பெற்ற வாக்குகள் ஏறத்தாழ 1,32,000. 'வீணாயின' என்றே அன்று பலர் கணித்திருப்பர். ஈராண்டு கழிந்து 2011இல் அக்கட்சியின் தலைவர் விஜயகாந்த் இத்தொகுதியின் ஒரு பகுதியாகிய ரிஷிவந்தியத்தில் வென்று, சட்டசபையில் எதிர்க்கட்சித் தலைவராக அமர்ந்தார். அவ்வுயர்வு நிலைத்ததா என்பது வேறு வினா. வித்து முளைத்தது என்பதே யாம் காட்ட விரும்புவது. நாம் தமிழர் கட்சிக்கு 2024இல் கிடைத்த வாக்குகளும் அங்ஙனமே. ஓரிடமும் வெல்லாத அக்கட்சி, மாநிலம் முழுதும் நூற்றுக்கு 8க்கு மேற்பட்ட வாக்குகளைப் பெற்றமையால் 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மாநிலக் கட்சியாக அங்கீகாரம் அடைந்தது. கள்ளக்குறிச்சியில் டிபாசிட்டைக் காக்க மாட்டாத வாக்குகள், மாநிலக் கணக்கிற் சேர்ந்து ஒரு சின்னத்தைப் பெற்றுத் தந்தன. சிறு துளி பெரு வெள்ளம் என்பது இதுவே. நமக்கு அண்மையிலுள்ள இலங்கையிற் காண்போமாயின், 2019ஆம் ஆண்டு ஜனாதிபதித் தேர்தலில் நூற்றுக்கு 3 வாக்குகளே பெற்ற அநுர குமார திசாநாயக்க, 2024இல் நூற்றுக்கு 42 பெற்று ஜனாதிபதியானார். 2019இல் அவர்க்கு வாக்களித்தோர் வாக்கை வீணாக்கினர் என்று இன்று எவரேனும் கூறுவரோ?

இரண்டாம் குற்றம் வாக்கைப் பிரித்தல் என்பது. இதனில் உண்மை இல்லாமலில்லை. 2024இல் கள்ளக்குறிச்சியில் வென்ற மலையரசன் 5,61,589 வாக்குகளும், அவரை அடுத்து வந்த குமரகுரு 5,07,805 வாக்குகளும் பெற்றனர். இடைவெளி 53,784. மூன்றாம் நான்காம் இடத்தாராகிய நாம் தமிழர் கட்சியும் பாட்டாளி மக்கள் கட்சியும் பெற்றவற்றைக் கூட்டினால் 1,44,000க்கு மேலாகும். இவ்விருவர் இல்லையாயின் முடிவு மாறியிருக்கலாம், மாறாதிருந்திருக்கலாம், யாரே அறிவர்? ஆனால் 'பிரித்தல்' என்னும் சொல்லிலேயே ஒரு பிழையான எண்ணம் மறைந்து கிடக்கின்றது. வாக்குகள் யாவும் பெருங்கட்சி இரண்டற்கும் உரிய பரம்பரைச் சொத்து என்றும், சிறியோர் அதனைக் களவாடினர் என்றும் அச்சொல் பொருள்படும். வாக்கு வாக்காளனுடையது. கட்சியினுடையதன்று. அதனை இழந்த கட்சி, 'ஏன் இழந்தோம்' என்று தன்னைத்தான் வினவுதல் வேண்டும். பெற்றவனைக் கடிதல் நெறியன்று.

குறை நம் வாக்களிக்கும் முறையிலேயே உள்ளதென்பது எம் கருத்து. ஒருவன் ஒருவர்க்கே குறியிட வேண்டிய முறையில், தன் உள்ளம் விரும்பும் சிறியோனுக்கு வாக்களிப்பவன் தான் வெறுப்பவன் வெல்வானோ என்றஞ்சுகின்றான். அஞ்சி, விரும்பாத ஒருவனுக்கே வாக்களிக்கின்றான். ஆஸ்திரேலியாவில் 1918ஆம் ஆண்டு முதல் இவ்வச்சம் நீங்கும் வழி நடைமுறையில் உள்ளது. அங்கே வாக்காளன் அபேட்சகரை ஒன்று, இரண்டு, மூன்று என வரிசைப்படுத்துகின்றான். அவன் முதலாவதாக விரும்பியவன் மிகக் கீழே நிற்பானாயின், அவ்வாக்கு இரண்டாவதாக விரும்பியவனுக்குச் செல்லும். இலங்கையிலும் ஜனாதிபதித் தேர்தலில் இதை ஒத்த முறை உண்டு. 2024இல் முதன்முறையாக இரண்டாம் விருப்பங்கள் எண்ணப்பட்டன. நம் நாட்டிலும் ராஷ்டிரபதித் தேர்தலும் மாநிலங்களவைத் தேர்தலும் விருப்ப வரிசை முறையிலேயே நிகழ்கின்றன. சட்டசபை அங்கத்தினர்க்குத் தகும் என்று கருதப்பட்ட முறை, அவரைத் தேர்ந்தெடுத்த மக்களுக்குத் தகாதென்பது எங்ஙனம்?

மூன்றாம் குற்றம் போலிகளைப் பற்றியது. இதனை யாம் மறுக்கவில்லை. பெருங்கட்சியார் தாமே சுயேச்சையர் சிலரை நிறுத்தி, அவர் பெயரால் ஆட்களையும் வண்டிகளையும் மிகுதியாகப் பெறுதல் உண்டு என்பர். எதிரியின் பெயரையே உடையாரைத் தேடி நிறுத்துதலும் உண்டு. 2024இல் ராமநாதபுரத்தில் முன்னாள் முதல் மந்திரி ஓ. பன்னீர்செல்வம் சுயேச்சையாய்ப் போட்டியிட்டபோது, அதே பெயருடைய வேறு ஐவரும் களத்தில் நின்றனர். எனினும் மக்கள் மயங்கவில்லை. பலாப்பழச் சின்னத்தை இனங்கண்டு மூன்று லட்சத்துக்கு மேற்பட்டோர் முன்னாள் முதல் மந்திரிக்கே வாக்களித்தனர். பெயரளவிலே வாழும் கட்சிகளும் பல இருந்தன. 2019க்குப் பின் ஒரு தேர்தலிலும் போட்டியிடாத 334 கட்சிகளை 2025 ஆகஸ்டு மாதத்திலும், அதனை அடுத்து 474 கட்சிகளைச் செப்டம்பரிலும் தேர்தற் கமிஷன் பட்டியலினின்று நீக்கிற்று. அஃது ஏற்கத்தக்க செயலே. களையைப் பறிப்பது உழவன் கடமை. ஆனால் களை மிகுந்ததென்று பயிரையே எரிப்பார் உளரோ? 2015ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் வெளியிட்ட தன் 255ஆம் அறிக்கையில் இந்தியச் சட்டக் கமிஷன், சுயேச்சையர் போட்டியிடுதலையே அறவே தடுக்கலாம் என்று பரிந்துரைத்தது. இதனை எம்மால் ஏற்க இயலவில்லை.

ஏனெனில், போட்டியிடுதல் என்பது வெல்லுதற்கு மட்டுமன்று. குறையுடையான் ஒருவன் ஊரறியச் சமர்ப்பிக்கும் விண்ணப்பமும் ஆம் அது. 1996ஆம் ஆண்டு ஈரோடு ஜில்லா மொடக்குறிச்சிச் சட்டசபைத் தொகுதியில் 1,033 அபேட்சகர் போட்டியிட்டனர். அவருட் பெரும்பாலோர் தம் குறைகள் கேட்கப்படவில்லை என்று வெகுண்ட உழவர். வாக்குச் சீட்டு ஒரு புத்தகமாயிற்று. வாக்குப் பதிவு தள்ளிவைக்கப்பட்டது. 88 பேர்க்கு ஒரு வாக்கும் விழவில்லை. உலகம் நகைத்தது, ஆயினும் உழவர் குறையை அறிந்தது. அவ்வாண்டே ஆந்திர நாட்டு நல்கொண்டாவில் நல்ல தண்ணீர் வேண்டி 480 பேர் மக்களவைத் தேர்தலில் நின்றனர். 2019இல் தெலுங்கானத்து நிஜாமாபாத்தில் மஞ்சளுக்கு ஒரு வாரியமும் நியாய விலையும் வேண்டி உழவர் திரண்டு நிற்க, அபேட்சகர் தொகை 185 ஆயிற்று. 2025 ஜனவரியில் தேசிய மஞ்சள் வாரியம் அந்நிஜாமாபாத்திலேயே தொடங்கப் பெற்றது. அபேட்சகர் பெருக்கமே அதற்குக் காரணம் என்று யாம் சாதிக்க வரவில்லை. எனினும் அவ்வுழவர் குரல் காற்றோடு போகவில்லை என்று துணிந்து கூறலாம்.

இனிக் கல்வராயன் மலைக்கு வருவோம்; இவ்வியாசத்தின் உயிர்நிலை அங்கேயே உள்ளது. இம்மலை கள்ளக்குறிச்சி, சேலம் என்னும் இரு ஜில்லாக்களிலும் பரந்து கிடப்பது. இங்கு வாழ்வோர் பெரும்பாலும் மலையாளி எனப்படும் பழங்குடியினர். பெயரொற்றுமையால் இவரைக் கேரள நாட்டார் என மயங்கற்க. நாடு 1947இல் விடுதலை பெற்றும் இம்மலை 1976ஆம் ஆண்டு வரை ஜாகீர்தார் ஆளுகையிலேயே இருந்தது. இம்மலை மக்கள் சட்டசபைக்கு வாக்களிக்கும்போது பிரிந்து நிற்கின்றனர்: வெள்ளிமலைப் பக்கத்தார் சங்கராபுரத்திலும், கருமந்துறைப் பக்கத்தார் ஏற்காட்டிலும் சேர்ந்துள்ளனர். இருபக்கத்தாரும் ஒருங்கே வாக்களிப்பது மக்களவைத் தேர்தல் ஒன்றிலேயாம். ஆயின், தமிழ்நாட்டின் 39 மக்களவைத் தொகுதிகளுள் பழங்குடியினர்க்கென ஒதுக்கப்பட்டது ஒன்றேனும் இல்லை. பெருங்கட்சிகள் மலைவாழ் ஒருவனைத் தம் அபேட்சகனாய் நிறுத்தாவிடில், அவன் டில்லிக்குச் செல்ல முயல்தற்குரிய வழி சிறு கட்சியும் சுயேச்சையுமே. சட்டக் கமிஷன் அடைக்கச் சொன்ன கதவு இத்தகையோனுடைய கதவு என்பதை மறத்தலாகாது.

2024 ஜூன் 4ஆம் தேதி வாக்குகள் எண்ணப்பெற்றன. இரு வாரங்கள் கழிந்த அளவில், கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த கள்ளச்சாராயத்தைக் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். நாடே நடுங்கிற்று. அதன்பின்னர், அவ்வாண்டு ஜூலையில், கல்வராயன் மலை மக்களின் வாழ்க்கை நிலையைச் சென்னை ஹைக்கோர்ட்டார் தாமாகவே வழக்காக எடுத்து விசாரிக்கத் தொடங்கினர். அக்கருணை போற்றுதற்குரியது. ஆனால் ஒன்று கேட்கின்றோம்: பாதையும் மருத்துவமும் பள்ளியும் பிழைப்பும் வேண்டி நிற்கும் ஒரு மலையின் குரல், சாவு நேர்ந்த பின்னரே நீதிமன்றத்தின் வாயிலாக நாட்டுக்கு எட்டுதல் தகுமோ? குரல் எழுதற்குரிய இடம் தேர்தல் மேடையன்றோ? அத்தேர்தலில் இத்தொகுதியில் நூற்றுக்கு 79 பேர் வாக்களித்தனர். வாக்குச் சாவடிக்கு வருவதில் நம் மக்கள் சோம்பியவரல்லர். அவர் வந்து இடும் வாக்கு அவர் நெஞ்சிலுள்ளதைச் சொல்லுகின்றதா என்பதே கேள்வி. அவ்வாண்டே லடாக்கு என்னும் பனிமலை நாட்டார் பெருங்கட்சிகளை ஒதுக்கிக் கார்கில் நகரத்துச் சுயேச்சை ஒருவரைப் பார்லிமெண்டிற்கு அனுப்பினர். மலைநாட்டார்க்கு இஃது இயலாத செயலன்று.

கட்சிச் சின்னமின்றி ஒருவனது தகுதியை அளந்தறிதல் பாமரர்க்கு அரிது என்பாருமுளர். அவர் கிராம பஞ்சாயத்துத் தேர்தலைக் கண்டறியாதார் போலும். தமிழ்நாட்டில் கிராம பஞ்சாயத்துத் தலைவரும் வார்டு அங்கத்தினரும் கட்சிச் சார்பின்றியே தேர்ந்தெடுக்கப்படுகின்றனர். 2021 அக்டோபரில் கள்ளக்குறிச்சி உள்ளிட்ட ஒன்பது ஜில்லாக்களில் அத்தேர்தல் நிகழ்ந்தபோது, கல்வராயன் மலை யூனியனில் உள்ள சிற்றூரார் முதல் யாவரும் சுயேச்சையருள்ளேயே தம் தலைவரைத் தேர்ந்தனர். பூட்டையும் சாவியையும் பார்த்து வாக்களித்தாரல்லர். ஆளைப் பார்த்தே வாக்களித்தனர். தெருவிளக்குக்குத் தகும் அறிவு டில்லிக்குத் தகாதென்று கூறுதல் மக்களை இழிவுபடுத்துவதாகும்.

சிறியோர் பக்கத்தும் குறைகள் உண்டு. அவற்றையும் கூறாதொழிதல் நடுநிலையாகாது. தேர்தற் காலத்து மட்டும் முளைத்து, வாக்கெண்ணியதும் மறைவோர் பலர். ஊரின் குறையை எண்ணாது தம் பெயரை மட்டும் எண்ணுவோர் சிலர். மனுவை மீட்டுக்கொள்ளும் நாளுக்கு முன் பேரம் பேசுவோரும் உளர் என்பர். சேலம் ஜில்லா மேட்டூரைச் சார்ந்த பத்மராஜன் என்பார் 1988 முதல் இருநூறு தேர்தல்களுக்கு மேல் நின்று தோற்றுப் பேரெடுத்தவர். எளியோனும் நிற்கலாம் என்பதை நாட்டுக்குக் காட்டவே நிற்பதாக அவர் கூறுவர். அவர் ஊக்கத்தை வியக்கின்றோம். ஆயினும் நிற்கும் உரிமையைக் காட்டியபின், நின்று கேட்பது யாது என்பதையும் காட்டுதல் வேண்டும். 2024ஆம் ஆண்டு நாடெங்கும் நின்ற 3,900க்கு மேற்பட்ட சுயேச்சையருள் வென்றவர் எழுவரே. எஞ்சினோருள் எத்துணைப் பேர் ஓர் ஊரின் ஒரு குறையையேனும் எழுதிக் கையிற் கொண்டு நின்றனர்? சுயேச்சை என்பது கட்சியின்மையன்று; கொள்கை உடைமையே அதற்கு அழகு.

ஆதலின் யாம் வேண்டுவன மூன்று. முதலாவது, டிபாசிட்டைப் பொருளால் மட்டும் அளத்தல் ஒழிக. பொருளில்லாதவன் தொகுதியின் வாக்காளர் சில நூற்றுவர் கையொப்பத்தை அதற்கீடாகத் தருவானாயின் அதனை ஏற்றுக்கொள்க. டிபாசிட்டை இழக்கும் எல்லையையும் ஆறில் ஒன்றினின்று இருபதில் ஒன்றாகக் குறைக்க. போலிகளுக்குப் பணம் கிடைப்பது எளிது. நூற்றுக்கணக்கான அயலாரின் நம்பிக்கை கிடைப்பது அரிது. எனவே இம்மாற்றம் மெய்யனுக்குத் துணையும் போலிக்குத் தடையுமாகும். இரண்டாவது, சுயேச்சையர்க்குச் சின்னம் வழங்கும் நாளுக்கும் வாக்குப் பதிவுக்கும் இடையே காலம் மிகுதிப்படுக. மூன்றாவது, ஒவ்வொரு யூனியனிலும், கல்வராயன் மலையில் வெள்ளிமலையிலும் கருமந்துறையிலும், அபேட்சகர் அனைவரும் ஒரே மேடையில் ஏறி மக்கள் வினாக்களுக்கு விடை கூறும் கூட்டமொன்று நிகழ்க. இம்மூன்றாவதற்குச் சட்டமும் வேண்டா, கமிஷனும் வேண்டா. கல்லூரிகளும் நூல்நிலையங்களும் முன்வந்தாற் போதும்.

மாணவர்க்கு ஒரு சொல். அபேட்சகர் ஒவ்வொருவரும் தம் சொத்து, கடன், கல்வி, தம்மீதுள்ள குற்ற வழக்கு ஆகியவற்றைப் பிரமாணப் பத்திரமாக எழுதித் தருதல் வேண்டுமென்பது உச்ச நீதிமன்றத்தின் 2002ஆம் ஆண்டுத் தீர்ப்பின் பயனாய் வந்த விதி. பெரியோன் பத்திரமும் சிறியோன் பத்திரமும் ஒருங்கே பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படுகின்றன. அடுத்த தேர்தலில் உங்கள் தொகுதியின் பத்திரங்கள் அனைத்தையும், கடைசிப் பெயர் வரை, படியுங்கள். படித்து, எழுத்தறியாத உற்றார்க்கு எடுத்துரையுங்கள். விடுமுறையில் உங்கள் ஊருக்குச் சென்று, 'இவர் யாது கேட்கின்றார்?' என்று ஒவ்வொரு பெயரையும் குறித்து வினவுங்கள். அதன்பின் பெருங்கட்சிக்கே வாக்களிக்கத் தோன்றினால் அங்ஙனமே செய்யுங்கள், அதிற் குற்றமில்லை. கேளாது தள்ளுதலே குற்றம்.

ஆலயக் காணிக்கைப் பெட்டியில் செல்வர் பலர் மிகுதியாகப் போட, இரண்டு காசு போட்ட ஏழை விதவையே எல்லாரினும் மிகுதியாகப் போட்டாள் என்று நம் பெருமான் அருளிய கதையை நம் கல்லூரியில் அறியாதாரில்லை. பெருந்தொகையை நோக்கும் கண் வேறு. கொடுத்தவள் நிலையை நோக்கும் கண் வேறு. மலையினின்றிறங்கி, 12,500 ரூபாயைக் கடனாகப் பெற்றுக் கட்டி, தன் ஊருக்கொரு பாதை வேண்டி நிற்பான் ஒருவன் உளனாயின், அவன் பெறும் சில நூறு வாக்குகளையும் அக்கண்ணால் நோக்கக் கற்போமாக. அவன் டிபாசிட்டு அரசாங்கத்துக்குப் போயிற்று; அதனோடு அவன் கேள்வியும் போய்விட்டது என்று எண்ணற்க. அக்கேள்விக்கு விடை கூறும் கடன், வென்றவர்க்கும் வாக்களித்த நமக்கும் ஐந்தாண்டும் உண்டு.